பழைய படகு வாங்கப் போறீங்களா? முதலில் பின்பக்கத்தைத் தட்டிப் பாருங்கோ

மே மாதம் பிறந்தால் எனக்கு வருகிற தொலைபேசி அழைப்புகளில் பாதி படகைப் பற்றித்தான். "அண்ணை, கிஜிஜியில ஒண்டு பாத்தனான். இருபது அடி. எஞ்சின் நல்லா ஓடுதாம். விலையும் பரவாயில்லை. எடுக்கலாமோ?" என்று கேட்பார்கள். படத்தை அனுப்புவார்கள். படத்தில் எல்லாப் படகும் வடிவாகத்தான் இருக்கும். மெழுகு பூசி, வெயிலில் நிறுத்தி, நல்ல பக்கத்தை மட்டும் காட்டினால் எதுதான் வடிவாக இராது?

எங்கள் மில்லிக்கனில் ஏரி இல்லை. மக்கோவன் வீதிப் பூங்காவில் ஒரு குளமும் கொஞ்ச வாத்துகளும் இருக்கு, அவ்வளவுதான். ஆனால் 404 நெடுஞ்சாலையைப் பிடித்து வடக்கே போனால் சிம்கோ ஏரி. தெற்கே ஸ்காபரோ பிளஃப்ஸ் அடியில் படகுத்துறை. கிழக்கே பிக்கரிங்கில் பிரெஞ்ச்மன்ஸ் பே. எங்கட அப்பா அம்மா இரண்டு வேலை செய்து வீட்டுக்கடன் கட்டினார்கள், ஏரிப் பக்கம் போனால் கொத்துரொட்டியோடு கரையில் இருந்துவிட்டு வருவார்கள். நாங்கள் கொட்டேஜ் எடுக்கிறோம், பிள்ளைகளை டியூபில் இழுக்க ஆசைப்படுகிறோம். இரண்டு குடும்பம், மூன்று குடும்பம் சேர்ந்து ஒரு படகு வாங்குவது இப்ப புதுமை இல்லை.

நான் காருக்கு வேலை செய்கிற ஆள். பதினைந்து வருஷமாகச் சிம்கோவில் ஒரு பழைய படகும் வைத்திருக்கிறேன். அந்த இரண்டையும் வைத்துத்தான் இந்த மாதம் எழுதுகிறேன்.

ஸ்டேர்ன்டிரைவ் என்றால் என்ன?

பத்தொன்பது, இருபது அடிப் பழைய குடும்பப் படகுகளில் அதிகமானவை ஸ்டேர்ன்டிரைவ். எஞ்சின் படகுக்குள்ளே, பின் இருக்கைக்குக் கீழேயோ பின்னேயோ மூடிய பெட்டிக்குள் இருக்கும். புரொப்பெல்லர் பூட்டிய கால் வெளியே தொங்கும். எஞ்சின் உள்ளே, ஓட்டுகிற கால் வெளியே. அதனால்தான் இதை இன்போர்ட்-அவுட்போர்ட் என்றும் சொல்வார்கள். 1959-இல் சுவீடனின் வொல்வோ பென்ரா 'அக்குவாமற்றிக்' என்ற பெயரில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அடுத்த சில வருஷத்துக்குள் அமெரிக்காவின் மேர்க்குரி நிறுவனம் 'மேர்குருசர்' என்று தன்னுடையதை இறக்கியது. இன்றைக்கும் பழைய படகுச் சந்தையில் நீங்கள் காணப்போவது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். மூன்றாவதாக ஓ.எம்.சி. கோப்ரா என்று ஒன்று வரும். அந்தக் கொம்பனி 2000-ஆம் ஆண்டு முடிவில் திவாலாகிப் போச்சு. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் பாகம் தேடி அலைய நேரம் இருக்கிறவர்கள் மட்டும் அதைப் பாருங்கோ.

இதில் நல்ல விஷயம், எஞ்சின் பெரும்பாலும் எங்களுக்குத் தெரிந்த கார் எஞ்சின் வம்சம். மேர்குருசரின் 4.3 லீற்றர் வி-6, செவ்ரொலே வண்டிகளில் ஓடிய ஜெனரல் மோட்டர்ஸ் எஞ்சின். கெட்ட விஷயம், காலை வெளியே பூட்டுவதற்காகப் படகின் பின்சுவரில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, பெரிய ஓட்டை ஒன்று வெட்டியிருக்கிறார்கள். அந்த ஓட்டைக்கும் ஏரிக்கும் இடையில் நிற்பது ரப்பர்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் எங்கே பார்க்க வேணும் என்பது தானாகவே விளங்கும்.

கார் நடுவழியில் நின்றால் இறங்கி ஓரமாக நிற்கலாம். ஏரியில் அது நடக்காது. மே மாதத்துச் சிம்கோ தண்ணீர், நீந்தத் தெரிந்தவனுக்கே மூச்சைப் பிடிக்கிற குளிர். அதோடு பெற்றோல் எஞ்சின் மூடிய பெட்டிக்குள் இருக்கிறது. பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது; மேலே போகாது, படகின் அடியில் போய்க் குந்தியிருக்கும். அந்தப் பெட்டிக்கு மேலே மெத்தை போட்டு, மெத்தைக்கு மேலே எங்கட பிள்ளைகள் இருக்கிறார்கள். காசு போனால் உழைக்கலாம். நான் இவ்வளவு விலாவாரியாக எழுதுவது அந்த மெத்தையை நினைத்துத்தான்.

மச்சான் பார்த்த படகு

போன வருஷம் என் மனைவியின் தம்பி ஒரு படகைக் கண்டுபிடித்தான். 2006 மாடல், இருபது அடி, மேர்குருசர் 4.3, அல்ஃபா வன் கால். கெசிக் பக்கத்தில் ஒரு வீட்டு முற்றத்தில் ட்ரெயிலரில் நின்றது. கேட்ட விலை பதினாறாயிரம் டொலர். மச்சானும் அவனுடைய சிநேகிதன் ஒருவனும் பாதிப் பாதி போடுவதாகத் திட்டம். பிள்ளைகளுக்கும் சொல்லியாச்சு.

"அத்தான், நீங்கள் ஒருக்கா வந்து பாத்திட்டு ஓம் எண்டால் போதும்" என்றான். அவன் கேட்டது ஆலோசனை இல்லை, ஆசீர்வாதம் என்று எனக்கு விளங்கியது.

மாமாவும் வந்தார். மாமா மயிலிட்டிக்காரர். 1990-இல் ஊரை விட்டு வெளிக்கிடும்வரை சொந்தமாகக் கண்ணாடியிழைப் படகு வைத்துத் தொழில் செய்தவர். மயிலிட்டித் துறைமுகம் இருபத்தேழு வருஷம் இராணுவத்திடம் இருந்து 2017-இல் திரும்பக் கிடைத்தது, ஆனால் அவருடைய படகு எப்போதோ போய்விட்டது. பிறகு தொண்ணூறுகளின் முதல் பாதியில், ஆயிரக்கணக்கான சனத்தைப் போல, பெண்சாதி பிள்ளைகளோடு கிளாலிக் கடல்நீரேரியை இரவில் கடந்தார். கைக்குழந்தையாக அந்தப் படகில் வந்தவன்தான் என் மச்சான். அவனுக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. மாமாவுக்கு எல்லாம் ஞாபகம். கனடா வந்தபிறகு அவர் ஒரு படகிலும் ஏறவில்லை. பேரப்பிள்ளைகள் ஏறப்போகிற படகைத் தான் தட்டிப் பார்க்க வேணும் என்று மட்டும் சொன்னார்.

போவதற்கு முதல் நாள் விற்கிறவருக்கு நான் போன் பண்ணி ஒன்றே ஒன்று கேட்டேன்: நாங்கள் வரும்வரை எஞ்சினை ஸ்டார்ட் பண்ண வேண்டாம். இது முக்கியம். சூடாக்கி வைத்த எஞ்சின் தன் நோயை மறைக்கும். குளிர்ந்த எஞ்சின் எத்தனை முறை இழுத்து எழும்புகிறது, என்ன நிறத்தில் புகை விடுகிறது என்பதுதான் உண்மை. இன்னொரு காரணமும் உண்டு. காலுக்குள் இருக்கிற கியர் ஒயிலில் தண்ணீர் கலந்திருந்தால், ஓடாமல் நிற்கிற இரவில் அது கீழே இறங்கிவிடும். காலையில் அடி ஆணியைத் தளர்த்தினால் முதலில் வருவது அந்தத் தண்ணீர்தான். போனவுடன் எஞ்சினில் கையை வைத்துப் பாருங்கோ. சூடாக இருந்தால், ஏன் என்று கேளுங்கோ.

உடம்பு

முதலில் நம்பர். படகின் பின்சுவரில் வலது மேல்மூலையில் 12 எழுத்தும் இலக்கமும் கொண்ட உடல் அடையாள எண் இருக்கும். கடைசி இரண்டு இலக்கம் மாடல் வருஷம். அதைக் கடதாசியில் இருப்பதோடு ஒப்பிடுங்கோ. சுரண்டியிருந்தாலோ, மேலே புதுப் பெயின்ற் இருந்தாலோ, மரியாதையாக வணக்கம் சொல்லிவிட்டு வரலாம்.

பிறகு மரம். "கண்ணாடியிழைப் படகில ஏது மரம்?" என்று மச்சான் கேட்டான். அந்தக் காலத்துப் பல படகுகளில் பின்சுவருக்குள் பிளைவுட் இருக்கு. தரைக்கு அடியில் நீளத்துக்கு ஓடுகிற விட்டங்களுக்குள்ளும் மரம் இருக்கலாம். வெளியே கண்ணாடியிழை போர்த்தியிருக்கும். யாரோ ஏணி பூட்ட, மீன் பார்க்கிற கருவி பூட்ட ஓர் ஆணி அடித்து, அந்த ஓட்டையைச் சரியாக அடைக்காவிட்டால் தண்ணீர் மெல்ல உள்ளே போகும். வெளியே பளபளப்பு, உள்ளே உக்கல்.

இதைக் கண்டுபிடிக்க மாமா கொண்டு வந்தது ஒரு சின்னப் பிளாஸ்டிக் சுத்தியல். பின்சுவரை மேலிருந்து கீழே, ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டு போனார். நல்ல இடம் 'டக் டக்' என்று இறுக்கமாகக் கேட்கும். உக்கின இடம் 'பொத் பொத்' என்று செத்த சத்தம். காலைப் பூட்டியிருக்கிற இடத்துக்குக் கீழே வலது மூலையில் வந்ததும் மாமா நின்றார். திரும்பத் தட்டினார். என்னைப் பார்த்தார். வாய் திறக்கவில்லை. விற்கிறவர் பக்கத்தில் நின்றார்.

நீங்களும் செய்யலாம். இன்னொரு சோதனை: காலின் அடியைப் பிடித்து மேலும் கீழுமாக நல்லாக ஆட்டுங்கோ. உங்களோடு வந்தவர் காலைப் பூட்டிய தட்டைச் சுற்றிப் பின்சுவரைப் பார்க்கட்டும். சுவர் வளைந்தாலோ, பூட்டிய இடத்தில் ஈரம் கசிந்தாலோ, அங்கே மரம் போய்விட்டது. படகுக்குள் ஏறி, தரையெல்லாம் குதிக்கால் வைத்து நடவுங்கோ. ஸ்பொஞ்சு மாதிரி இறங்கினால் அதுவும் உக்கல்தான். இருக்கை பூட்டிய ஆணிகளை ஸ்க்ரூ டிரைவரால் இறுக்கிப் பாருங்கோ. சுழன்றுகொண்டே இருந்தால் பிடிக்க மரம் இல்லை.

கால்

அல்ஃபா வன் காலுக்கும் படகுக்கும் நடுவில் ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக ரப்பர் உறைகள் இருக்கும். ஒன்று எஞ்சினில் இருந்து சக்தி போகிற மூட்டைச் சுற்றி, ஒன்று புகை போக, ஒன்று கியர் கேபிளுக்கு. காலை முழுக்க மேலே தூக்கி, டோர்ச் அடித்து, மடிப்புகளுக்குள் விரலால் பிரித்துப் பாருங்கோ. வெடிப்பு, பொருக்கு, அட்டை ஒட்டியதுபோல் பழைய சிப்பி எதுவும் கூடாது. சக்தி மூட்டின் உறை கிழிந்தால் முதலில் உள்ளே உள்ள பெயரிங் துருப்பிடிக்கும். அதுக்குப் பிறகு தண்ணீர் படகுக்குள் வரும். கேபிளின் சின்ன உறை கிழிந்தாலும் கட்டி வைத்த இடத்திலேயே படகு தாழலாம். இந்த ரப்பரெல்லாம் சில வருஷத்துக்கொருக்கா மாற்ற வேண்டியவை. கடைசியாக எப்ப மாற்றினீர்கள், ரசீது இருக்கா என்று கேளுங்கோ. "போன ஓனர் மாத்தினவர்" என்பது ரசீது இல்லை.

அடுத்தது கியர் ஒயில். காலின் அடி ஆணியைக் கொஞ்சம் தளர்த்தி, நாலைந்து துளியை வெள்ளைக் கிண்ணத்தில் பிடியுங்கோ. விற்கிறவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கோ, மறிக்கிறவரிடம் வாங்காதீங்கோ. தெளிவாக இருந்தால் நல்லது. பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தால் தண்ணீர் போயிருக்கு. ஆணியின் நுனியில் காந்தம் இருந்தால் அதில் மென்மையான சாம்பல் பூச்சு இருப்பது வழமை. கையில் குத்துகிற இரும்புச் சில்லு இருந்தால் கியர் தேய்ந்து உடைகிறது என்று அர்த்தம். மச்சானின் கிண்ணத்தில் விழுந்தது நல்ல பால்தேத்தண்ணி. தோசைக்கடையில் வாங்கினதுபோல இருந்தது.

காலை மேலே கீழே இறக்கி ஏற்றுங்கோ. பக்கத்துத் தண்டுகளில் எண்ணெய் வடிகிறதா என்று பாருங்கோ. அடிச் சுக்கான் முனை உடைந்திருந்தால் கல்லில் மோதியிருக்கு. காலில் பூட்டியிருக்கிற அனோட் என்ற உலோகக் கட்டிகளையும் பாருங்கோ. அவை தாம் கரைந்து காலைக் காப்பாற்றுகிறவை. உப்புத் தண்ணீரில் துத்தநாகம் சரி. எங்கட நன்னீர் ஏரிகளுக்கு மக்னீசியம் நல்லது, அலுமினியம் இரண்டுக்கும் ஓடும். அனோட் பாதி கரைந்திருந்தால் அது தன் வேலையைச் செய்திருக்கு. முழுக்கப் போய், காலே அரிபட்டிருந்தால் ஒருவரும் கவனிக்கவில்லை.

எஞ்சின்

எங்கட நாட்டுப் படகு எஞ்சினுக்கு மிகப் பெரிய எதிரி பனிக்காலம். இந்த எஞ்சின்களில் பல, ஏரித் தண்ணீரையே இழுத்துத் தம்மைக் குளிர்த்துக்கொள்கின்றன. இலையுதிர் காலத்தில் அந்தத் தண்ணீரை வடிக்காமல் விட்டால், உறையும்போது தண்ணீர் ஏறக்குறைய 9 வீதம் பெருக்கும். இரும்பு பிளந்துவிடும். எஞ்சினின் இரண்டு பக்கமும், புகைக்குழாய்த் தொகுதிக்குக் கீழே, டோர்ச் அடித்து நீளவாக்கில் பாருங்கோ. மெல்லிய துருக் கோடு, வெல்டிங் அடையாளம், ஓர் இடத்தில் மட்டும் புதுப் பெயின்ற், எப்பொக்சி பூச்சு. இதில் எது இருந்தாலும் கதை முடிந்தது. ஒயில் குச்சியை இழுத்துப் பாருங்கோ. அதிலும் பால் நிறம் இருந்தால் தண்ணீர் எஞ்சினுக்குள் வந்துவிட்டது.

காசு கொடுத்து ஒரு படகு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போனால் கொம்ப்ரெஷன் பார்க்கச் சொல்லுங்கோ. ஆறு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று 10 முதல் 15 வீதத்துக்குள் நிற்க வேணும். ஐந்து சிலிண்டர் 160 காட்டி ஒன்று மட்டும் 110 காட்டினால், விற்கிறவர் எவ்வளவு சிரித்தாலும் அந்த எஞ்சின் நோயாளிதான்.

இப்ப எங்கட ஆக்களுக்கென்று ஒரு விஷயம். "ஒல்ரனேற்றர் போனால் என்ன, எங்கட கராஜ் அண்ணை கார் ஒல்ரனேற்றரை மலிவாகப் போட்டுத் தருவார்" என்று நினைப்போம். எஞ்சின் ஒன்றுதான், பாகமும் சரியாகப் பூட்டும். ஆனால் படகின் ஸ்டார்ட்டர், ஒல்ரனேற்றர், டிஸ்ரிபியூற்றர் எல்லாம் உள்ளே வருகிற பொறி வெளியே பாயாதபடி மூடிச் செய்தவை. கார் பாகம் அப்படி இல்லை. காரில் பெற்றோல் ஆவி ரோட்டில் காற்றோடு போய்விடும். படகில் அது பெட்டிக்குள் நிற்கும், பொறிக்காகக் காத்திருக்கும். நான் கார் மெக்கானிக். நானே சொல்கிறேன்: எஞ்சின் பெட்டியைத் திறந்து, இந்தப் பாகங்களில் 'மரின்' என்ற அடையாளம் இருக்கா என்று பாருங்கோ. இல்லாட்டி அங்கேயே கேளுங்கோ. பெற்றோல் குழாய்களை விரலால் அழுத்துங்கோ, வெடித்திருக்கக் கூடாது. பெட்டியைத் திறந்தவுடன் பெற்றோல் மணம் வந்தால் ஸ்டார்ட் பண்ணவே விடாதீங்கோ.

காற்றை வெளியே தள்ளுகிற புளோவர் வேலை செய்கிறதா என்றும் பாருங்கோ. ஒவ்வொரு முறையும் எஞ்சினை எழுப்ப முதல் குறைந்தது 4 நிமிஷம் அதை ஓட விட வேணும். கனடாவில் இது சட்டம். பிள்ளைகளுக்கு இதைப் பழக்குவது லேசு: ஒரு பாட்டுப் போடுங்கோ, பாட்டு முடியத்தான் சாவி.

தண்ணீரில்

முற்றத்தில் காலுக்கு இரண்டு காது பூட்டி, தோட்டக் குழாய்த் தண்ணீர் விட்டு எஞ்சினை ஓட்டிக் காட்டுவார்கள். தண்ணீர் இல்லாமல் ஒரு வினாடியும் ஓட்டக் கூடாது, உள்ளே இருக்கிற ரப்பர் இறக்கை கருகிவிடும். முற்றத்தில் ஓட்டுவது ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்க்கத்தான் உதவும். பாரத்தோடு ஓடுமா என்பது ஏரியில்தான் தெரியும். ஏரி ஓட்டம் இல்லாமல் முழுக் காசு கொடுக்காதீங்கோ. முன்பணம் கொடுத்தால், ஏரி ஓட்டமும் பரிசோதனையும் சரியாக இருந்தால்தான் வாங்குவேன், இல்லாட்டிப் பணம் திரும்ப வேணும் என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கோ.

ஏரியில் முழு வேகத்தில் ஓட்டி, எஞ்சின் சுற்று எவ்வளவு வருகிறது என்று பாருங்கோ. 4.3 மேர்குருசருக்குப் பொதுவாக நிமிஷத்துக்கு 4,400 முதல் 4,800 வரை வர வேணும். அதிகம் குறைந்தால் எஞ்சினுக்குச் சத்தில்லை, அல்லது புரொப்பெல்லர் பொருந்தவில்லை. வெப்பமானி ஏறிக்கொண்டே போகிறதா? ஸ்டியரிங்கைத் திருப்பும்போது பின்னால் உறுமல் கேட்கிறதா? அது பெயரிங். கரைக்கு வந்தபிறகு எஞ்சின் பெட்டியைத் திறந்து அடியில் புதுத் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கோ.

படகும் எஞ்சினும் எனக்குப் பிடிபடாது என்கிறவர்கள் ஒரு மரின் சேர்வேயரைப் பிடியுங்கோ. பலர் படகின் நீளத்துக்கு அடிக் கணக்கில் காசு கேட்பார்கள். பழைய படகென்றால் காப்புறுதிக் கொம்பனியும் அந்த அறிக்கையைக் கேட்கலாம். விற்கிறவர் சிபாரிசு செய்கிற ஆளைப் பிடிக்காதீங்கோ. கலியாணத் தரகரிடமே மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கிறதுபோல அது.

நாங்கள் என்ன செய்தோம்

விற்கிறவர் நல்ல மனிசன், கத்தவில்லை. கிண்ணத்தைப் பார்த்தார், மூவாயிரம் டொலர் குறைப்பதாகச் சொன்னார். மச்சானின் முகம் மலர்ந்தது. "அத்தான், அந்த மூவாயிரத்தில காலைத் திருத்தலாம்தானே?" என்றான்.

கால் மட்டும் என்றால் திருத்தலாம். பின்சுவர் உக்கினால் அப்படி இல்லை. காலைக் கழற்ற வேணும், எஞ்சினை வெளியே தூக்க வேணும், பிளைவுட்டை வெட்டி எடுத்துப் புதிதாகக் கட்ட வேணும். படகின் விலைக்குக் கிட்டப் போகிற வேலை. அதைவிட, பத்துப் பதினைந்து கிலோ இல்லை, முழுக் காலின் பாரமும் முழு எஞ்சினின் தள்ளலும் அந்தச் சுவரில்தான் நிற்கிறது.

"பிள்ளையளுக்குச் சொல்லிப்போட்டன் அத்தான். ஜூலைக்கு கொட்டேஜும் புக் பண்ணியாச்சு" என்றான். அவனுடைய கவலை எனக்கு விளங்கியது. தகப்பன் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேணும் என்று நினைப்பது தப்பில்லை.

அப்பத்தான் மாமா வாய் திறந்தார். "மோனை, கரையில நிக்கேக்கை எல்லாப் போட்டும் நல்ல போட்தான். நான் கிளாலியில உன்னைத் தூக்கிக்கொண்டு ஏறேக்கை பாக்க நேரம் இருக்கேல்லை. ஆர் ஓட்டுறது, எஞ்சின் எப்பிடி எண்டு கேக்க வழியும் இருக்கேல்லை. உனக்கு நேரம் இருக்கு. பாத்து எடு."

எங்கட சனம் படகைத் தெரிந்தெடுத்து ஏறிய காலமும் உண்டு. வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்ற மரக்கப்பலை ஓர் அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். எங்கட மாலுமிகள் அதை ஓட்டிக்கொண்டு 1938-இல் மசாசூசெட்ஸின் குளொஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தார்கள். தெரிந்தெடுக்க வழி இல்லாமல் ஏறிய காலமும் உண்டு. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை கஸ் டால்ரன் என்ற மீன்பிடிக் கப்டன் கண்டு காப்பாற்றினார். பூட்ஸ் போட்ட காலால் தரையை மிதித்துப் பார்த்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வர முடிவது சின்ன விஷயம் இல்லை.

வாங்கவில்லை. மச்சான் இரண்டு கிழமை என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. ஜூலையில் ஒரு படகுத்துறையில் ஒருநாள் வாடகைக்கு எடுத்தார்கள். செப்ரெம்பரில், எல்லாரும் விற்கத் தொடங்குகிற நேரத்தில், வேறு ஒன்று வந்தது. இரண்டடி சின்னது, ஆனால் ரசீதுகள் ஒரு கோப்பு நிறைய. ரப்பர் உறை மாற்றிய திகதி உட்பட. அதைத் தட்டிப் பார்த்துவிட்டு மாமா தானாகவே ஏறி, முன் இருக்கையில் குந்தினார். லைஃப் ஜக்கெற்றை முதலில் பேரனுக்கு இறுக்கிவிட்டார்.

கடதாசி

கடைசியாகக் கடதாசி வேலை. 10 குதிரைவலு அல்லது அதற்கு மேற்பட்ட எஞ்சின் உள்ள படகுக்கு ட்ரான்ஸ்போர்ட் கனடாவின் உரிமப் பத்திரம் வேணும். அந்த இலக்கம் படகின் முன்பக்கம் இரு புறமும் 7.5 சென்ரிமீற்றருக்குக் குறையாத உயரத்தில் எழுதியிருக்கும். வாங்கியவுடன் உங்கட பெயருக்கு மாற்றுங்கோ. ட்ரெயிலருக்குத் தனியாக இலக்கத் தகடும் உரிமையும் இருக்கு, அதையும் கேட்டு வாங்குங்கோ. விற்கிறவரின் பெயரில் படகின்மேல் கடன் பதிவு இருக்கா என்று மாகாணப் பதிவேட்டில் தேடிப் பாருங்கோ. கடன் படகோடு வரும், விற்றவரோடு போகாது.

ஓட்டுகிற எல்லாருக்கும், வயது எதுவென்றாலும், படகோட்டுநர் அட்டை வேணும். 2009 செப்ரெம்பரில் இருந்து இது எல்லாருக்கும் கட்டாயம். பெரியவர் கூட இல்லாமல் 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை 10 குதிரைவலுவுக்கு மேல் ஓட்டக் கூடாது. 12 முதல் 16 வயதுக்குள் என்றால் 40-க்கு மேல் கூடாது. இந்த வி-6 எஞ்சின் எந்த வழியிலும் பிள்ளைகளிடம் தனியாகக் கொடுக்கிறதில்லை.

இழுக்கிற வண்டியையும் யோசியுங்கோ. எங்கட தெருவில் வீட்டுக்கு வீடு நிற்கிற சியன்னா வானின் இழுவை எல்லை 2020 மாடல் வரை 3,500 இறாத்தலாக இருந்தது. இருபது அடிப் படகு, எஞ்சின், ட்ரெயிலர், நிரப்பிய பெற்றோல் எல்லாம் சேர்ந்தால் லேசாக அதைத் தாண்டும். நிறுத்துகிற இடத்தையும் முதலில் விசாரியுங்கோ. ஸ்டீல்ஸுக்குத் தெற்கே ரொறொன்ரோ, வடக்கே மார்க்கம். வீட்டு முற்றத்தில் படகு நிறுத்துவதற்கு இரண்டு மாநகரத்துக்கும் வெவ்வேறு விதி. பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பாடு செய்தபிறகு தேடாதீங்கோ.

பார்க்கப் போகும்போது ஒரு பையில் இவ்வளவும் போதும்: டோர்ச், பிளாஸ்டிக் சுத்தியல், ஸ்க்ரூ டிரைவர், வெள்ளைக் கிண்ணம், பழந்துணி, பேனையும் கொப்பியும். முடிந்தால் ஊரில் கடல் கண்ட ஒரு பெரியவரையும் கூட்டிக்கொண்டு போங்கோ. பிள்ளைகளை மட்டும் அன்றைக்கு வீட்டில் விட்டுவிட்டுப் போங்கோ. அவர்கள் ஒருக்கா அந்த இருக்கையில் ஏறிக் குந்திவிட்டால், பிறகு எந்தச் சத்தமும் உங்கட காதில் விழாது.